காற்று நின்ற அலமாரி

இன்னும் தண்ணீரே தெளிக்கவில்லை. அதற்குள் வேர்கள் பச்சையாகியிருந்தன.

தெளிப்பான் பாட்டிலைப் பிடித்த கை அப்படியே நின்றது. இந்தக் குட்டி ஆர்க்கிட் செடிகளின் வேர்கள் மண்ணுக்குள் ஒளிந்துகொள்கிற ஜாதி இல்லை. மரப்பட்டைத் துண்டைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, மிச்சத்தைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, எல்லாம் கண்ணெதிரே இருக்கும். காய்ந்திருந்தால் வெள்ளி நிறம். ஈரம் பட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை. தெளிக்கலாமா வேண்டாமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, வேரே சொல்லிவிடும். நேற்றுப் படுக்கப் போகும் முன் அவள் எட்டிப் பார்த்தபோது அத்தனையும் வெள்ளிக் கம்பிகளாகத் தொங்கின. இப்போது, ஜன்னலில் வெளுப்பு தட்டுகிற நேரத்தில், மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை பச்சை. இலைகளில் ஒரு சொட்டு இல்லை. தட்டுகள் உலர்ந்திருந்தன. வேர்கள் மட்டும், யாரோ ஒவ்வொன்றாக நாக்கால் தொட்டுவிட்டுப் போனது மாதிரி நனைந்திருந்தன.

"என்னங்க, செடிக்குத் தண்ணி தெளிச்சீங்களா?"

சமையலறையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாயில் பாதி பிஸ்கட்டோடு கிளம்பத் தயாராக இருந்தான்.

"நானா? ஒரு தடவை ஆசையா ஒரு சொம்பு தண்ணிய ஊத்தினதுக்கு, அக்காவும் தங்கச்சியுமா சேர்ந்து என்னை வறுத்தெடுத்தது போதாதா? அந்த ரூம் பக்கம் நான் தலைவச்சுப் படுக்கறதே இல்ல, தாயே."

சொல்லி முடித்த பிறகுதான் 'தங்கச்சி' என்ற வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது. பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினான். அவள் பாட்டிலின் மூடியைத் திருகுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தங்கச்சிக்கு வீட்டில் பெயர் கொசு. எலும்பும் தோலுமாக இருப்பாள், காதருகே ஓயாமல் ரீங்காரம் போடுவாள் என்று சின்ன வயதில் அக்கா வைத்த பெயர். பதிலுக்கு, பின்னாளில் அக்காவுக்கு அவள் வைத்த பெயர் பிரேக்கு. அக்கா வேலை பார்ப்பது டிரைவிங் ஸ்கூலில். கற்றுக்கொள்ள வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கைச் சரியான நேரத்தில் மிதிப்பதுதான் பிழைப்பு. "வீட்லயும் அதேதான் பண்றா. யாரும் ஒரு அடி முன்னால போயிடக் கூடாது" என்பாள் கொசு.

நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகிற நோய் வந்து, தனியாக இருக்க முடியாது என்றானபோது, கொசு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கூடவே ஒரு ஆக்சிஜன் மெஷினும், மூடிப்போன பேக்கரி ஒன்றிலிருந்து பிடித்த கண்ணாடி அலமாரியும் வந்தன. ஒரு காலத்தில் கேக்கும் பஃப்ஸும் வரிசை கட்டி நின்ற தட்டுகளில், கட்டைவிரல் உயரத்துச் செடிகள் ஏறி உட்கார்ந்தன. சில பட்டைத் துண்டுகளில் நூலால் கட்டப்பட்டு, சில முட்டைக் கோப்பை அளவுத் தொட்டிகளில்.

"இதுங்களுக்கு மண்ணு வேணாம், தோட்டம் வேணாம். ஈரக்காத்து போதும். என் ஜாதிதான். என்ன, எனக்கு அது குழாய்ல வருது."

மூக்கில் குழாயோடு, கட்டிலில் சாய்ந்தபடியே அவள் உத்தரவு போட, அக்கா செய்வாள். மழைத்தண்ணீர்தான் தெளிக்க வேண்டும். காலையில்தான் தெளிக்க வேண்டும். குருத்தில் தண்ணீர் தங்கினால் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி அலமாரி மூலையில் மாட்டியிருந்த உள்ளங்கை அகல விசிறி இரவு பகலாகச் சுற்ற வேண்டும்.

"தண்ணி மறந்தாகூட பொழச்சுக்கும், பிரேக்கு. காத்து நின்னா வேர் அழுகிடும்."

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு விடிகாலையில் கொசு போனாள். அவள் மூச்சுக்கு ஒரு தாளம் இருந்தது. சின்னதாக ரெண்டு, நீளமாக ஒன்று. அந்த நீளத்துக்கு நடுவில் ஒரு தடுக்கல், கல்லில் கால் இடறுவது போல. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாளத்தை எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். சின்னது. சின்னது. நீளம். தடுக்கல். பிறகு அடுத்த சின்னதுக்காகக் காத்திருந்தாள். டாக்டர் வந்து போன பிறகும் காத்திருந்தாள். மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போன பிறகும், உள்ளுக்குள் ஏதோ ஒன்று அந்த அடுத்த மூச்சுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டேதான் இருந்தது.

தெளிக்காமலேயே வேர்கள் நனைந்திருந்த அந்தக் காலைக்கு மறுநாளும் அவை பச்சையாக இருந்தன. அதற்கு மறுநாளும்.

மழை என்பதால் காற்றிலேயே ஈரம் அதிகம், அதனால்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் அவளுடைய வார விடுமுறை வரைக்கும் தாங்கியது.

அன்று பிற்பகல் ஒரு செடியைத் தொட்டி மாற்ற உட்கார்ந்தாள். கொசு கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்த செடி. வாங்கின நாளிலிருந்து ஒரு மொட்டுகூட விடாத பிடிவாதக்காரி. தொட்டியிலிருந்த பழைய பட்டைச் சில்லுகள் மக்கி, விரலில் பிசுபிசுத்தன. வேர்க்கொத்தைக் கிண்ணத்து மழைத்தண்ணீரில் ஊறப்போட்டு, இளகியதும் ஒவ்வொரு வேராகப் பிரித்து, உள்ளே ஒன்றுமில்லாமல் கூடாகிப்போனவற்றை நகவெட்டிக் கத்தரியால் வெட்டிவிட்டு, புதிய சில்லுகளை இட்டு, மேலே ஒரு சிட்டிகை பாசியை வைத்து அமுக்கினாள். செடியை அதன் இடத்தில் வைக்க அலமாரிக்குக் குனிந்தபோதுதான் கண்ணாடியைப் பார்த்தாள்.

உட்பக்கத்தில், ஒரு காசு அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கி மறைந்தது. மறுபடி மலர்ந்தது. மறைந்தது.

அவள் முகத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். ஆவி தன்பாட்டுக்கு வந்தது, போனது. விசிறியின் ரீங்காரத்துக்கு அடியில் ஏதோ ஒன்று கேட்பது போலவும் இருந்தது. கேட்காதது போலவும் இருந்தது.

ஒரு நிமிஷம்தானே என்று விசிறியின் சுவிட்சைத் தட்டினாள்.

இறக்கைகள் தயங்கித் தயங்கி நின்றன. வெளியே மழை தகரத்தில் விழுகிற சத்தம், பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுகிற சத்தம், சுவருக்குள் எங்கோ தண்ணீர் இறங்குகிற சத்தம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்கிப் போன பிறகு, கண்ணாடிக்குள்ளிருந்து, பாசியின் பச்சை வாசனைக்கும் அதற்கடியில் இருந்த வேறொரு வெதுவெதுப்பான, மருந்தும் பிளாஸ்டிக் குழாயும் கலந்த, அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனைக்கும் நடுவிலிருந்து, அது வந்தது.

சின்னது. சின்னது. நீளம். நடுவில் தடுக்கல்.

கிண்ணம் மடியில் சாய்ந்து, தண்ணீர் புடவையில் ஓடியது. அவள் அசையவில்லை.

"கொசு?"

மூச்சு நின்றது. யாரோ காதைக் கொடுத்துக் கேட்பது மாதிரி. பிறகு மெதுவாக மறுபடி தொடங்கியது.

எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. முகம் நனைந்து, கழுத்து நனைந்து, வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. செடிகளின் நினைப்பு வந்து விசிறியை மறுபடி போட்டபோதுதான் தப்பு தெரிந்தது. முதல் சுற்றிலேயே மூச்சு உடைந்தது. இழுத்தது. இழுத்து, கிடைக்காமல், தொண்டையில் ஏதோ கிழிவது போல மறுபடி இழுத்தது. அந்த விடிகாலையின் கடைசி நிமிஷங்களில் கேட்ட அதே சத்தம்.

சுவிட்சை அணைக்கவில்லை; ஒயரையே பிடுங்கி எறிந்தாள்.

அதற்குப் பிறகு அந்த விசிறி சுற்றவில்லை.

காற்று நின்றால் வேர் அழுகும் என்று கொசு சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. தினமும் பயந்துகொண்டேதான் பார்த்தாள். ஒரு வேரும் அழுகவில்லை. மாறாக, எல்லாச் செடியும் ஒரேயடியாகத் துளிர்த்தன. வேர்கள் தொட்டி விளிம்பைத் தாண்டி, தட்டைத் தாண்டி, கதவு இடுக்கு வரை நீண்டன. மொட்டே விடாத பிடிவாதக்காரி நூல் மாதிரி ஒரு தண்டை நீட்டி, அரிசி அளவுக்குப் பூத்தாள். இந்தப் பூக்களின் கீழிதழுக்கு உதடு என்று பெயர்; கொசு சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அலமாரி முழுக்கக் குட்டி உதடுகள், பேச வாயெடுத்தது போலத் திறந்திருந்தன.

ஜன்னலைச் சாத்தினாள். ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டினாள். கதவுக்கடியில் ஈரத்துணியை அடைத்தாள். வேலைக்குப் போகும் முன் கொஞ்ச நேரம், வந்த பிறகு இருட்டும் வரை, அலமாரிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அன்றைய கதையைச் சொன்னாள். யார் கியரைப் பிடுங்கப் பார்த்தார்கள், யார் எருமையைப் பார்த்து ஹாரனுக்குப் பதில் வைப்பரைப் போட்டார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் மூச்சு கொஞ்சம் வேகமாகும். அது போதும் அவளுக்கு.

"சுவரெல்லாம் பூஞ்சை பூக்குது. என்ன நாத்தம் இது? ஜன்னலத் திறந்து விடும்மா" என்றான் கணவன்.

"மழைச் சாரல் அடிக்குது."

"மழை விட்டு ரொம்ப நேரமாச்சு."

"நீங்கதான் அந்த ரூம் பக்கமே வர்றதில்லையே. அப்புறம் என்ன?"

லிஃப்ட் ஓடாத நேரத்தில் அவள் மாடிப்படியில் ரெண்டு இடத்தில் நின்று நின்று ஏறுவதை அவன் முந்தின நாள்தான் கவனித்திருந்தான்.

அவளுக்கே அது புரிந்தது காருக்குள்தான். அன்று மழை கொட்டியது. ஸ்டியரிங்கில் இருந்தவர் ஒரு சலூன்காரர். பெரிய மீசை, பயந்த கை. கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். ஏசி வேலை செய்யவில்லை. சிக்னலில் நின்றபோது அவர் துண்டை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஆவி படிந்தது.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கிளட்சு எங்க இருக்குன்னு மட்டும் கேட்டுடாதீங்க. இத்தனை நாளுக்கப்புறம் நான் தாங்க மாட்டேன்."

"அதில்ல. என் பக்கம் பாருங்க, பால் ஊத்தின மாதிரி இருக்கு. உங்க பக்கம் பளிச்சுன்னு இருக்கே. எப்படி? மூச்சுக்கும் லைசென்ஸ் வேணுமா என்ன?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பக்கக் கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்து, வாயைத் திறந்து, ஊதினாள். வெளியே ஓடுகிற தண்ணீர்க் கோடுகள் துல்லியமாகத் தெரிந்தன. மறுபடி ஊதினாள்.

ஒன்றும் படியவில்லை.

பின்னால் ஹாரன் அலறியது. சலூன்காரர் தடுமாறி வண்டியை எடுத்தார். அவள் தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அன்று அவள் பயந்திருக்க வேண்டும். கொஞ்சம் பயந்தாள்தான், வீட்டு வாசலில் சாவியை ரெண்டு தடவை கீழே போட்டாள். ஆனால் அந்த அறைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்ததும் பயம் அடங்கிவிட்டது. கொசு கட்டிலில் கிடந்த மாதங்களில், மெஷின் பெருமூச்சு விடுகிற ஒவ்வொரு ராத்திரியும், அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் நெஞ்சில் சும்மா வந்து போகிற காற்றில் பாதியை இவளுக்கு மாற்றிவிட வழி இல்லையா? யாரிடம் கேட்கிறோம் என்றுகூடத் தெரியாமல் கேட்டாள். இப்போது எங்கேயோ அது யார் காதிலோ விழுந்திருக்கிறது. அவ்வளவுதானே.

"எடுத்துக்கோடி" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "இதுக்கெல்லாம் கேட்டுக்கிட்டு இருப்பியா?"

உள்ளே ஆவி மலர்ந்தது. காசு அகலம் போய், இப்போது உள்ளங்கை அகலம்.

உதடு நீலம் பாய்ந்திருக்கிறது என்று கணவன்தான் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். படம் எடுத்தார்கள், ஊதச் சொன்னார்கள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை, இடத்தை மாற்றிப் பாருங்கள் என்றார் டாக்டர். வீடு வந்து சேர்ந்ததும் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். ரொம்ப நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தது அவன் முகத்தில் தெரிந்தது.

"செடி நர்சரிக்காரர்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து எல்லாத்தையும் எடுத்துக்கறேன்னாரு. நல்லா பார்த்துக்குவாரு. அவருக்கு இதுங்கள பத்தித் தெரியும்."

"யாரைக் கேட்டுப் பேசினீங்க?"

"யாரைக் கேக்கணும்? நீ என் கண்ணு முன்னாடி கரைஞ்சுக்கிட்டே இருக்க. ரெண்டு பேரையும் நான் அந்த ரூம்ல பறிகொடுக்கணுமா?"

"அவ போகலைங்க."

அவன் கண்ணை மூடித் திறந்தான். குரல் இறங்கிவிட்டது. "போயிட்டாம்மா. நானும்தானே தூக்கினேன். பஞ்சு மாதிரி இருந்தா. என் தோளுக்கு இன்னும் அது தெரியுது."

ரெண்டு பேரும் அழுதார்கள். அழுது முடித்ததும் அவன் எழுந்து நேராக அந்த அறைக்குப் போனான். ஜன்னலின் டேப்பைக் கிழித்தான். மூலையில் கிடந்த விசிறியின் ஒயரை எடுத்துச் செருகினான்.

அவளுக்குக் கேட்டது. இழுப்பு. கிழிசல். கண்ணாடிக்குள் ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கிற சத்தம்.

"நிறுத்துங்க."

"காத்து வரட்டும்."

"அவளால முடியலைங்க. உங்களுக்குக் கேக்கலையா? நிறுத்துங்க. கேக்கலையா உங்களுக்கு?"

அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விசிறியின் ரீங்காரம் மட்டுமே கேட்டது. அவள் தரையில் விழுந்து, ஊர்ந்து போய், ஒயரைப் பிடுங்கி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். அவன் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, தலையைக் கோதிவிட்டான். வெகுநேரம் கழித்து, "ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியத்திலிருந்தே வானம் இருண்டு கிடந்தது. ஐந்தாவது மாடியில் இருந்த வீட்டுக்குள் மழையின் குளிர் ஏறி வந்தது. கரண்ட் போயிருந்தது. நர்சரிக்காரர் அட்டைப் பெட்டிகளோடு கீழே வந்து நிற்கிறார் என்று போன் வந்ததும், கணவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

"லிஃப்ட் மெக்கானிக் வீட்டு லிஃப்டே வேலை செய்யல. நல்ல பொழப்பு" என்றான், அவளைச் சிரிக்க வைக்க. "நான் அவரோட வந்துடறேன். நீ ஒண்ணும் தொட வேணாம், உட்காரு."

அவள் தலையாட்டினாள். அவன் காலடிச் சத்தம் படியில் தேய்ந்து மறைந்தது.

அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். கதவு இடுக்கில் மேலிருந்து கீழ்வரை டேப்பை ஒட்டினாள். குனிந்து நிமிர்வதற்குள் கண் இருட்டியது. ஸ்டூலுக்குப் போவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவளிடம் யோசனை ஒன்றும் பெரிதாக இல்லை. பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் நாலு பக்கமும் காற்று அடிக்கிற கொட்டகையில் வைத்தால், கொசு மறுபடி அந்த விடிகாலையைக் கடந்து வர வேண்டும். ஒரு தடவை அதைப் பக்கத்திலிருந்து பார்த்தாகிவிட்டது. இன்னொரு தடவை முடியாது. அதற்குள் மிச்சம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டால், காற்றைத் தாங்குகிற அளவுக்கு அவளுக்குத் தெம்பு வந்துவிடும். அவ்வளவுதான்.

அலமாரியின் ரெண்டு கண்ணாடிக் கதவுகளையும் நகர்த்தித் திறந்தாள். வெதுவெதுப்பான ஈரம் முகத்தில் வந்து அப்பியது. காய்ச்சல்காரரின் போர்வைக்குள் தலையை விட்டது போல. தட்டுகளுக்கு நடுவே, பூக்களுக்கும் தொங்குகிற வேர்களுக்கும் நடுவே, முகத்தை வைத்தாள். கண்ணை மூடினாள்.

"வந்துட்டேன். எடுத்துக்கோ."

கன்னத்தில் மூச்சு பட்டது. சின்னது. சின்னது. நீளம். தடுக்கல். பழகிய தாளம். அவள் நெஞ்சிலிருந்து ஏதோ லேசாகி வெளியே போனது. வலிக்கவில்லை. தூக்கம் வருவது போல இருந்தது.

மோவாயில் மூச்சு பட்டது.

நெற்றியிலும் பட்டது.

கண்ணைத் திறந்தாள்.

காதருகே ஒன்று. சின்னது, சின்னது, நீளம். கழுத்துக்குக் கீழே ஒன்று. சின்னது, சின்னது, நீளம். மேல்தட்டில். கீழ்த்தட்டில். பின்னால், கைக்கு எட்டாத மூலையில். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் அதே தடுக்கல். ஒவ்வொரு பூவிலிருந்தும்.

கொசு ஒருத்தி.

ஒருத்திதான்.

முகத்தை வெளியே இழுக்கப் பார்த்தாள். கழுத்து வரவில்லை. வேர்கள் ஒன்றும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவளிடம்தான் இழுக்கப் பலம் இல்லை. வாயைத் திறந்தாள். உள்ளே போவதற்குக் காற்று இல்லை. வெளியே வருவதற்குச் சத்தம் இல்லை.

படியில் காலடி. ஓடி வருகிற காலடி. நர்சரிக்காரரைக் கீழே விட்டுவிட்டு, ஏதோ தோன்றி, அவன் மட்டும் ஓடி வருகிறான். கதவு அதிர்ந்தது.

"ஏம்மா? ஏம்மா, கதவத் திற."

வராதீங்க.

"திறம்மா. செடிய யாரும் எடுக்கல. அவரை அனுப்பிடறேன். நீ திற."

வராதீங்க. உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

தாழ்ப்பாள் தெறித்தது. டேப் கிழிகிற நீண்ட சத்தம். அவன் உள்ளே விழுந்தான், எழுந்தான், அவளிடம் வந்தான். அத்தனை மாடியையும் ஓடி ஏறியவனின் மூச்சு. கனமாக, அவசரமாக, வாய் வழியே இரைந்துகொண்டு.

அலமாரி அமைதியாயிற்று.

ஒவ்வொரு பூவும். ஒரே நேரத்தில். யாரோ காதைக் கொடுத்துக் கேட்பது மாதிரி.

அவன் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, தோளுக்கடியில் கையைக் கொடுத்து, தன் கன்னத்தை அவள் கன்னத்தோடு வைத்தான். "ஒண்ணுமில்ல. நான் வந்துட்டேன். ஒண்ணுமில்ல." அவள் கண்ணால் வாசலைக் காட்டினாள். போங்க. அவன் புரிந்துகொள்ளவில்லை. அவள் அழுகிறாள் என்று நினைத்து, இன்னும் நெருங்கிக் குனிந்தான்.

மூச்சு மறுபடி தொடங்கியது.

சின்னது இல்லை. நீளம் இல்லை. தடுக்கல் இல்லை. கனமாக. அவசரமாக. அவன் இழுக்கும்போது இழுத்து, அவன் விடும்போது விட்டு, மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை ஒரே மூச்சு.

அவனுடையது.

அவன் அவளைத் தூக்க எழுந்தான். பாதியில் நின்றான். நெஞ்சில் கையை வைத்தான். இருமினான்.

"ஒண்ணுமில்ல" என்றான். "படி ஏறினது."

இன்னொரு மூச்சை இழுத்தான். நடுவில் ஒரு இடத்தில் அது தடுக்கியது.

பூக்களுக்குத் தடுக்கவில்லை.